தேவதைக்குச் சம்பளம் கிடையாது

2020 ஏப்ரலில் நான் ஒரு கவிதை எழுதினேன். ஊரடங்கு நாள்கள். கல்லூரி மூடிக் கிடந்தது. ஒரு சிற்றிதழ், கொரோனா சிறப்பிதழுக்காகக் கேட்டிருந்தது. கவச உடைக்குள் வியர்த்து நிற்கும் செவிலியர்களை அதில் தேவதைகள் என்றேன், அன்னையர் என்றேன், இறக்கைகளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டவர்கள் என்றேன். பலர் பகிர்ந்தார்கள். இணையவழியில் நடந்த செவிலியர் தின நிகழ்ச்சியொன்றில் ஒரு மாணவி அதை மனப்பாடமாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் கவிதையைத் திரும்பப் பெறுவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அது மோசமான கவிதை என்பது ஒரு காரணம். அது ஒரு மோசடிக்குத் துணைபோனது என்பது முக்கியமான காரணம். உயிர் காக்கும் வேலையைத் திறமை என்று ஒப்புக்கொண்டால் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். அன்பு என்று சொல்லிவிட்டால் கைதட்டினால் போதும். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடு முழுவதும் கைதட்டினோம், தட்டைத் தட்டினோம். மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மேல் பூ தூவின. நான் கவிதை தூவினேன்.

*

2021 மே. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியான மாதம். எங்கள் வீட்டில் முதலில் அப்பாவுக்குக் காய்ச்சல், அடுத்துத் தம்பிக்கு, பிறகு தம்பி மகனுக்கு. அம்மா மூன்று பேருக்கும் கஞ்சி வைத்தார், ரசம் வைத்தார், கஷாயம் காய்ச்சினார். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அவர் இடுப்பில் செருகியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லார் விரலிலும் மாட்டி, காலண்டர் தாளின் பின்பக்கம் எண்களைக் குறித்து வைத்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. அப்பா 93, தம்பி 96, பையன் 98. ஐந்து நாள் கணக்கு. அதில் அம்மாவின் எண் ஒன்றுகூட இல்லை.

அப்பாவுக்கு 90-க்குக் கீழே போனதும் அலைந்து திரிந்து ஆக்சிஜன் படுக்கை பிடித்தோம். அடுத்த நாள் அம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அசதியா இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார். அவர் விரலில் அந்தக் கருவியை முதன்முதலாக மாட்டியவள் நான். 74 காட்டியது. கருவி பழுது என்று நினைத்து என் விரலில் மாட்டிப் பார்த்தேன். 98.

ரத்தத்தில் ஆக்சிஜன் இவ்வளவு குறைந்தும் மூச்சுத்திணறல் பெரிதாகத் தெரியாமல் போவது இந்த நோயின் இயல்புகளில் ஒன்று என்று மருத்துவர்கள் எழுதினார்கள். சரிதான். ஆனால் அசதியைச் சொல்லக் கூடாது என்று 66 ஆண்டு பழகிய உடம்பில் அது இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பெண்கள் வந்து சேரும் வழி மருத்துவமனை வாசலில் ஆரம்பிப்பதில்லை. யார் எண்ணைக் குறித்து வைக்கிறோம், யாரை முதலில் ஆட்டோவில் ஏற்றுகிறோம் என்பதில் ஆரம்பிக்கிறது. படித்த மகளாகிய நானும் ஐந்து நாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீடு மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 16. கர்ப்பிணிகளுக்குப் போடலாம் என்று ஒன்றிய அரசு அனுமதித்தது ஜூலை 2. நடுவில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்குத் தொற்று வந்தால் தீவிர சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு கூடுதல் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. முதல் தடுப்பூசிச் சோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் தரவு இல்லை. தரவு இல்லாததால் ஊசி இல்லை. காலண்டர் தாளில் அம்மாவின் எண் இல்லாமல் போனதும் இப்படித்தான்.

*

அம்மாவை அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். மூன்றாம் நாள் தொண்டைக்குள் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் வைத்தார்கள். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில். உள்ளே விடமாட்டார்கள். தம்பி காய்ச்சல் தேறியும் தேறாமலும் ரெம்டெசிவிர் வாங்க வரிசையில் நின்றான். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வரிசையில் நின்றிருப்போம். பணம் கொடுத்து வாங்கும் பொருள்தான் உயிரைக் காப்பாற்றும் என்று நம்பினோம். பெயர் தெரிந்த மருந்து, விலை தெரிந்த இயந்திரம்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஒப்பந்தச் செவிலியர் ஒருவர் சொன்னார். கவச உடையின் நெஞ்சிலும் முதுகிலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வார்களாம்; இல்லாவிட்டால் யார் யாரென்று தெரியாது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு அடுத்த வேலை கிடைப்பதில் சிக்கல் வரலாம்.

வென்டிலேட்டர் என்பது காற்றைத் தள்ளும் இயந்திரம். எவ்வளவு தள்ள வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. நோயுற்ற நுரையீரலில் அதிகமாகத் தள்ளினால் நுரையீரலே கிழிபடும். ஒரு மூச்சுக்கு, கிலோவுக்கு 6 மில்லி லிட்டர் என்ற அளவு உயிர்களைக் காக்கிறது என்பது 2000-லேயே பெரிய சோதனை ஒன்றில் உறுதியான விஷயம். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கிலோ, நோயாளியின் எடை கிடையாது. உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. நுரையீரலின் அளவு உயரத்தோடு போகும், சதையோடு போகாது. என் அம்மா நாலடி பதினொன்று, அதாவது 150 சென்டிமீட்டர். எடை 68 கிலோ. எடையை வைத்துக் கணக்கிட்டால் ஒரு மூச்சுக்கு 408 மில்லி. உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் 260. இரண்டுக்கும் நடுவில் ஒரு நுரையீரல் இருக்கிறது.

படுத்துக் கிடப்பவரின் உயரத்தை யாரும் அளப்பதில்லை, கண்ணால் மதிப்பிடுகிறார்கள். அதனால் குள்ளமானவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் பெண்களுக்கு, தேவைக்கு மேல் காற்று போகிறது. நுரையீரலைப் பாதுகாக்கும் அளவு ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது என்பதைப் பல நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்த 2019 ஆய்வு காட்டியது. இதை நான் படித்தது பிற்பாடு. அந்தச் செவிலியர் இதைப் படிக்கவில்லை. ஆனால் தையல் டேப் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். முன்பு ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் வேலை பார்த்தபோது பழகியது. அம்மாவைத் தலை முதல் குதிகால் வரை அளந்தார், எண்ணை எழுதிப் பணியிலிருந்த மருத்துவரிடம் காட்டினார், அளவு மாற்றப்பட்டது. இதில் எங்கே தாய்மை இருக்கிறது? எங்கே இறக்கை இருக்கிறது? அளவு நாடாவும் கணக்கும், மருத்துவரிடம் "சார், இதைப் பாருங்க" என்று சொல்லும் துணிச்சலும்தான் இருந்தன.

அதற்கடுத்துக் குப்புறப் படுக்க வைத்தல். கடுமையாக நுரையீரல் செயலிழந்த நோயாளிகளை நாளுக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று, பெரும்பாலும் ஃபிரான்ஸில் நடந்து 2013-இல் வெளியான புரோசேவா ஆய்வு பார்த்தது. 28 நாளுக்குள் இறந்தவர்கள், மல்லாந்து கிடந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புறக் கிடந்தவர்களில் 16 சதவீதம். சாவு பாதியாகக் குறைகிறது. எங்கள் சங்கிலியை விழுங்கிய மருந்துக்கு இப்படியொரு கணக்கு கிடையாது. ஆனால் குப்புறப் படுக்க வைப்பதை எந்த நிறுவனமும் விற்க முடியாது. அது முழுக்கக் கைகளால் ஆனது.

ஐந்தாறு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று தொண்டைக் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; அது நழுவினால் சில நிமிடங்களில் உயிர் போகும். கழுத்திலும் கையிலும் உள்ள ஊசி வழிகள், சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய் எல்லாவற்றையும் ஒதுக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். நெற்றி, தோள், இடுப்பு, முழங்கால் அழுந்தாமல் தலையணை கொடுக்க வேண்டும். கண் உலராமல் மருந்திட்டு மூட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முகத்தைத் திருப்ப வேண்டும். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். வாயைத் துடைக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் கொடுப்பதால் சர்க்கரை ஏறும். அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மணிக்கு மணி சிறுநீரை அளக்க வேண்டும். இத்தனையும் கண்ணாடி பனித்துப் போன கவச உடைக்குள், இரட்டைக் கையுறையோடு.

ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிவறை போகாமல். உடையைக் கழற்றினால் அந்தக் கிட் வீண். மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொண்டதாக அவர் சொன்னார். உடை ஆண் அளவில் தைக்கப்பட்டது; கால்சட்டை தரையில் புரண்டு தடுக்கும், பிளாஸ்திரி ஒட்டி மடித்துக்கொள்வார்களாம். உலக சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள். அவர்களுக்கான கவசத்தைத் தைத்தவர்களுக்கு அது தெரியவில்லை. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2020 பிப்ரவரியில், ஊஹானுக்குப் புறப்படும் பெண் செவிலியர்களின் தலையை மழிக்கும் காணொலியைத் தியாகப் படமாக வெளியிட்டார்கள். அங்குள்ள பெண்கள் கொதித்துப் போனார்கள். தலைமுடியைக் கேட்கிற அரசு நாப்கின் அனுப்பியதா என்று கேட்டார்கள். சரியான கேள்வி. தியாகத்தைப் படம் பிடிப்பவர்களிடம் எங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி.

*

தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே ஒரு வைரஸ் கொள்ளைநோயில் பிறந்ததுதான். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், ஆகஸ்டில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். இயந்திரம் போதவில்லை. எனவே ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, மாதக்கணக்கில் பையை அமுக்கினார்கள். பத்துக்கு ஒன்பது பேர் செத்துக்கொண்டிருந்த நிலை, ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு இப்சன் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் ஐசியு என்கிறார்கள். இயந்திரம் பின்னால் வந்தது. முதலில் இருந்தது, நோயாளியை விட்டு நகராத ஒரு ஜோடிக் கை.

70 ஆண்டில் நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். 2020 மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். ஒன்றுக்கு 4 லட்சம். அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் ஜனங்கள் மூச்சுக்குத் தவித்தபோது, அவற்றில் பல சில மாநிலங்களில் பழுதாகியும் இயக்க ஆளில்லாமலும் கிடந்தன.

நான் தமிழ் படித்தவள். ஆனாலும் இந்தக் கணக்கை எனக்குப் போடத் தெரியும். தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியருக்கு மாதம் 14,000 ரூபாய். ஒரு வென்டிலேட்டரின் விலை, ஒரு செவிலியரின் 28 மாதச் சம்பளம். அந்த 2,000 கோடியில் இதே சம்பளத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியரை ஓராண்டு வைத்திருக்கலாம். வென்டிலேட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் என் அம்மா இல்லை. வென்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது இந்தியாவிலேயே எழுதி வைத்திருக்கும் அளவு. மூன்று ஷிப்டு, வார விடுப்பு என்று பார்த்தால் படுக்கைக்கு நான்கைந்து பேர். அம்மா இருந்த பிரிவில் ஒரு இரவு ஒருவர் ஆறு பேரைப் பார்த்திருக்கிறார். ஆறு பேர் மூக்கிலும் வாயிலும் குழாய். நாளிதழ்களில் அன்றாடம் வந்த பட்டியலில் ஆக்சிஜன் படுக்கை எத்தனை, ஐசியு படுக்கை எத்தனை, காலி எத்தனை என்று இருந்தது. படுக்கைக்கு எத்தனை கை என்ற பத்தி அதில் இருந்ததே இல்லை.

*

சொல்லுக்கு வருகிறேன். என் தொழில் அது.

"செவிலியர்" என்ற சொல்லை நாம் புதிதாகச் செய்யவில்லை. அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தோழி அவள் மகள் என்பது தொல்காப்பிய மரபு. தலைவி உடன்போக்கில் போய்விட்டால் பாலை வழியில் தேடிப் போகிறவள் செவிலி. மணமான பிறகு, மகள் குடித்தனம் நடத்தும் சீரைப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்கிறவளும் அவள்தான். பாலூட்டியவள், காத்தவள், தேடி அலைந்தவள். அந்த வீட்டில் அவளுக்கு என்ன கூலி, எங்கே படுத்தாள், தன் மகளுக்கு எப்போது சோறு போட்டாள்? 18 ஆண்டாக வகுப்பில் செவிலி கூற்று நடத்துகிறேன். நான் இதைக் கேட்டதில்லை. மாணவிகளும் கேட்டதில்லை. நர்ஸ் என்பதற்குத் தமிழ் தேடியபோது அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டோம். அழகான தேர்வு. கூலியைப் பற்றிக் கேட்காத பழக்கமும் சொல்லோடு சேர்ந்து வந்துவிட்டது. அகப்பாடலில் தலைவிக்கும் பெயர் கிடையாது, அது மரபு. நான் சொன்ன செவிலியருக்கு இந்தக் கட்டுரையில் பெயர் இல்லாததற்குக் காரணம் பயம்.

1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இரண்டாம் அலை வந்தபோது அதற்கு 150 வயது. 150 ஆண்டுப் படிப்பும் பயிற்சியும் பதிவேடும் தேர்வும் கொண்ட ஒரு தொழிலை, "சேவை" என்ற ஒரே சொல்லால் மறுபடி வீட்டுக்குள் தள்ளிவிட முடிகிறது. வீட்டுக்குள் என்றால் சம்பளம் இல்லாத இடத்துக்குள்.

தேவதைப் பட்டமும் எல்லாருக்கும் இல்லை. அம்மாவின் மலத்தை அள்ளியவர், படுக்கைக்கடியில் ரத்தம் துடைத்தவர், நள்ளிரவில் உடல்களைத் தள்ளிக்கொண்டு போனவர் யாரையும் என் கவிதை தேவதை என்று சொல்லவில்லை. அவர்கள் தனியார் நிறுவனம் வழியாக வந்த ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். வைரஸ் நிறைந்த அதே அறையில், பல நேரம் மலிவான முகக்கவசத்தோடு. பிறர் உடம்பைத் தொடுவது தீட்டு என்ற சமூகத்தில், தொடும் வேலையை யாருக்குக் கொடுப்பது, அதற்குள் எந்தத் தொடுதலைப் புனிதமாக்குவது, எதைக் கண்ணிலிருந்து மறைப்பது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. செவிலியரைப் புனிதமாக்கிச் சம்பளத்தை மறுத்தோம். தூய்மைப் பணியாளருக்கு அந்தப் பொய்க் கௌரவம்கூட இல்லை.

கௌரவம் என்ற சொல்லை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் அரசுக் கல்லூரியில் "கௌரவ விரிவுரையாளர்". தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள், தொகுப்பூதியத்தில் இருப்பவள். ஆண்டுக்கு 11 மாதம்தான் ஊதியம். மே மாதம் கிடையாது. அம்மா ஐசியுவில் இருந்த மாதம் என் வங்கிக் கணக்கில் ஒன்றும் விழவில்லை. சம்பளத்துக்குப் பதிலாக ஒரு மரியாதைச் சொல்லை வைக்கும் தந்திரத்தை என் பதவிப் பெயரிலேயே சுமந்துகொண்டு திரிகிறேன். அப்படிப்பட்ட நானே இன்னொரு பெண்ணின் கழுத்தில் "தேவதை" என்று எழுதி மாட்டினேன். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

*

அம்மா பிழைத்தார். ஒன்பது நாள் வென்டிலேட்டர், 31 நாள் மருத்துவமனை. வீட்டுக்கு வந்தபோது காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரவில் எழுந்து, சுவரில் யாரோ ஏறுகிறார்கள் என்பார். முடி கொட்டியது. பேரன் பெயர் மறந்தது. தீவிர சிகிச்சைக்குப் பின் வரும் இந்தப் பாதிப்புகளுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. சிகிச்சைக்குத்தான் இடமில்லை. டிஸ்சார்ஜ் தாளில் நான்கு மாத்திரைகள் எழுதியிருந்தார்கள். மீதி ஐந்து மாத வேலை என் கைக்கு வந்தது. குளிப்பாட்டுவது, நடக்கப் பழக்குவது, கையில் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது. ஐசியுவில் அரைச் சம்பளத்துக்கு நடந்த வேலை, வீட்டில் சம்பளமே இல்லாமல் தொடர்ந்தது. தம்பியை யாரும் விடுப்பு எடுக்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மாவைப் பிழைக்க வைத்தவருக்கு வேலை போனது. கொரோனாவுக்காக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. புத்தாண்டு அன்று சேலத்திலும், பிறகு சென்னையிலும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். முந்தைய ஆட்சியின் நியமனத்தில் விதிமுறை பின்பற்றப்படவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. வேறு திட்டங்களில் 18,000 ரூபாய்க்குத் தற்காலிக வேலை தருகிறோம் என்றும் சொல்லப்பட்டது. ஒரு ஆட்சி எடுத்தது, ஒரு ஆட்சி அனுப்பியது. இதில் கட்சி பேதம் பார்க்க எனக்கு ஒன்றுமில்லை. இடஒதுக்கீடும் நியமன விதியும் வேண்டும் என்று கோருகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் விதியை மீறியது யார்? நியமித்தவர்கள். தண்டனை யாருக்கு? சாவு ஓலத்துக்கு நடுவே வேலைக்கு வந்தவர்களுக்கு. கொரோனா அறைக்குள் அனுப்பும்போது தேவைப்படாத விதிமுறை, வெளியே அனுப்பும்போது ஞாபகம் வந்திருக்கிறது.

"ஏன் அன்பை மறுக்கிறீர்கள், அவர்களிடம் அன்பு இல்லையா?" என்று ஒரு தோழி கேட்டார். இருந்தது. குழாய் எடுத்த மறுநாள், அந்தச் செவிலியர் தன் ஃபோனைப் பாலித்தீன் உறையில் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். எங்களைப் பார்த்ததும் அம்மா அழுதார். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "அழாதீங்க பாட்டி, மூச்சு வாங்கும்" என்றார். அதுவும் வேலைதான். நோயாளியை அமைதிப்படுத்துவது மூச்சின் வேகத்தைக் குறைக்கிறது, ஆக்சிஜனைக் காக்கிறது. கனிவு என்பது பயின்று, நேரம் ஒதுக்கி, களைத்த பின்னும் செய்கிற திறமை. ஆறு பேரைப் பார்க்கும் ஒருவரிடம் அதையும் இலவசமாகக் கேட்பது கொள்ளை. அன்பு இருக்கிறது என்பதற்காக ஒரு அறுவை சிகிச்சை நிபுணரின் சம்பளத்தை யாராவது குறைத்திருக்கிறார்களா?

மாணவிகளே, உங்களில் பலர் செவிலியர் வீட்டுப் பிள்ளைகள். சிலர் அக்காவின் 14,000 ரூபாயில் படித்தவர்கள். அடுத்த மே 12-இல் உங்கள் கல்லூரி செவிலியர் தின விழாவுக்கு என்னைக் கவிதை வாசிக்க அழைக்க வேண்டாம். வேறு சில விஷயங்களைக் கேளுங்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் ஐசியுவில் எத்தனை படுக்கை, இரவு ஷிப்டில் எத்தனை செவிலியர்? அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம்? அவர்கள் உட்காரவும் நாப்கின் மாற்றவும் அறை இருக்கிறதா? அளவு சொல்லி உடை வாங்குகிறார்களா? தூய்மைப் பணியாளருக்கு எந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்க 10 ரூபாய் போதும். அடுத்த தொற்று வரும்போது வென்டிலேட்டர் விமானத்தில் வந்துவிடும். அதை இயக்கத் தெரிந்த ஒருவரை உருவாக்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். வேலையை விட்டு விரட்டப்பட்டு, ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை அன்று எந்த முகத்தோடு திரும்பக் கூப்பிடுவோம்?

2023 ஜனவரியில் அந்தச் செவிலியரிடம் ஃபோனில் பேசினேன். போராட்டப் பந்தலில் இருந்தார். பின்னால் கோஷம் கேட்டது. அம்மா எப்படி இருக்கிறார் என்று முதலில் கேட்டார். சொன்னேன். பிறகு, எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன்.

"கவிதையா மேடம்?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "அதெல்லாம் வேணாம். கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும். எங்களுக்கு அந்த ஆபீஸ் தமிழ் வரல. எழுதித் தர்றீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். பணி விவரம், பணிக்காலம், பார்த்த நோயாளிகள், கோரிக்கை. அதில் தேவதை என்ற சொல் இல்லை. சேவை என்று ஓரிடத்தில் பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவர் படித்துப் பார்த்து, அதை அடித்துவிட்டு, மேலே "பணி" என்று எழுதி அனுப்பினார்.